சம்பளச் சீட்டில் ஒரு வரி

ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில்லில் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறவரின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கும்; அதற்கு நேராக 90 ரூபாய் பிடித்தம். முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய 390 ரூபாய் பெரும்பாலும் அந்தச் சீட்டில் கண்ணில் படாது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஆக மாதாமாதம் 480 ரூபாய் ஒருவர் பெயரில் போய்ச் சேர வேண்டும். ஆனால் காய்ச்சல் என்றால் அவர் போய் நிற்பது தெருமுனை கிளினிக்கில். ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, கைக்காசு. இ.எஸ்.ஐ. என்னாச்சு என்று கேட்டால், "பிடிக்கிறாய்ங்க, எங்க போகுதுன்னு யாரு கண்டா?" என்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கினால் அரைநாள் கூலி போய்விடும். ஆனால் அந்த மாத்திரை வரிசை, இ.எஸ்.ஐ.யில் கிடைப்பதில் ஆகச் சிறியது. பெரியது, படுத்துவிட்டால் வரும் பணம். மருத்துவர் ஓய்வுச் சான்று கொடுத்தால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை வங்கிக் கணக்குக்கே வரும். நாளொன்றுக்கு 450 ரூபாய் கூலி என்றால் 315 ரூபாய். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற 34 நீண்டகால நோய்களுக்குத் தகுதி இருந்தால் 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்தால், சேர்ந்து ஒரு நாளே ஆகியிருந்தாலும், 90 சதவீதம். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மை அண்டியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் மருத்துவம் சேரும். இந்தப் பக்கத்து மருந்தகத்தில் முடியாததை மதுரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள்.

நோய்க்காலப் பணத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, பலர் கோட்டை விடுவது அதில்தான். ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலை பார்த்த கணக்குக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கணக்குக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வீரபாண்டித் திருவிழா, ஒரு கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று விடுப்பு எடுத்தவர்கூட 78 நாளைத் தாண்டிவிடுவார். தாண்டாமல் போகிறவர் மில் மாறியவர். புது மில்லில் பழைய எண்ணைச் சொல்லாமல் புதிதாக ஒரு எண் போட்டுவிட்டால், இங்கே 50 நாள், அங்கே 60 நாள் என்று கணக்கு இரண்டாகப் பிளந்து எதிலும் 78 தேறாது. ஆயுசுக்கும் ஒருவருக்கு ஒரே பத்து இலக்க எண்தான். அந்த எண் உள்ள அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

இன்னும் சில இடங்களில் பணம் பிடிப்பதே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை எல்லாம் இதற்குள் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களைச் சேர்த்தாக வேண்டும். "நீ கான்ட்ராக்ட் ஆளு" என்று சொல்லித் தப்ப முடியாது, ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் ஆலை முதலாளிதான் பொறுப்பு. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்கு "பயிற்சியாளர்" என்று பெயர் வைத்து விலக்குவதும் உண்டு. அப்ரண்டிஸ் சட்டப்படி முறையாகப் பதிவானவர்களுக்கு மட்டுமே அந்த விலக்கு. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். கட்டியிருக்கிறார்களா என்று உமாங் செயலியில் மாதவாரியாகப் பார்க்கலாம், வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும். இல்லையென்றால் 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண், அல்லது மதுரையிலுள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகம். ஐந்து ஆண்டு சந்தா கட்டி வயது முடிந்து ஓய்வு பெறுகிறவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். கணக்கு முடித்து வெளியே வரும்போது இதைச் சொல்லி அனுப்பும் மில்லை நான் கேள்விப்பட்டதில்லை.

பஞ்சுத் தூசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் வருஷக்கணக்கில் நிற்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் பிஸினோசிஸ். அது வரும் விதமே வேறு. வார விடுமுறை கழித்து மில்லுக்குள் நுழையும் முதல் நாள் மட்டும் மார்பு இறுகும், இருமல் வரும். மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மலைக்காற்று சேரவில்லை, பீடியால் வந்தது என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆண்டுகள் போகப் போக இறுக்கம் வாரத்தின் எல்லா நாளுக்கும் பரவி, கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் போகும். தொடக்கத்திலேயே கண்டு பிரிவை மாற்றிக்கொண்டால் பெருமளவு தப்பலாம். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை போதும், வலியும் இல்லை. மருத்துவரிடம் "இருமுது" என்று மட்டும் சொன்னால் இருமல் மருந்துதான் கிடைக்கும். எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், எந்த நாளில் இறுகுகிறது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். இது சட்டப் பட்டியலிலுள்ள தொழில்நோய். நிரூபணமானால் வேலையில் அடிபட்டதற்குச் சமம், இழப்பின் அளவுக்கு ஏற்ப உதவித்தொகையும் உண்டு.

இனி, சம்பளச் சீட்டே இல்லாதவர்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூரிலிருந்து விடியுமுன் ஜீப் பிடித்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். காய் எடுக்க, களை எடுக்க, மருந்து அடிக்க. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே வந்தது. ஐந்து ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்பும், பதினைந்து பேரோ அதற்கு மேலோ ஆட்களும் உள்ள ஏலத்தோட்டத்துக்குப் பொருந்தியது. கழிப்பறை, குடிநீர், மருத்துவ வசதி எல்லாம் அதில் இருந்தன. 2010இல் சேர்த்த திருத்தம் மருந்து அடிப்பவர்களுக்கானது: பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்க இடம், குறித்த கால இடைவெளியில் உடல் பரிசோதனை, அதற்கான பதிவேடு. மலையில் பார்ப்பதோ, வாயில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு.

ஏலத்துக்கு அதிகம் அடிக்கும் குயினல்பாஸ் போன்ற மருந்துகள் மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். நனைந்த சட்டையோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டு, அதே சட்டையோடு ஜீப்பில் ஏறி வீடு வருவதுதான் பெரிய ஆபத்து. தலைவலி, கண் மங்கல், அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறல் வந்தால் வெயில் என்று ஒதுக்கக் கூடாது. சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108ஐ அழைத்து, மருந்து டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் முறிப்பு மருந்தைத் தயங்காமல் கொடுப்பார்கள். திராட்சைத் தோட்டத்தில் அடிப்பவர்களுக்கும் இதேதான். பெண்களுக்கு இன்னொரு தொல்லை: கழிப்பறை இல்லாத தோட்டத்தில், ஒதுங்க இடமில்லை என்று பொழுது சாயும் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வருவது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது; ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் ஊழியர் வருகிற நேரத்தில் மலைவேலைக்காரி வீட்டில் பூட்டுத் தொங்கும். ஜீப் நிற்கிற இடத்தில் சாயங்காலம் ஒரு மேசை போட்டால்தான் இங்கே அது பலிக்கும் என்பது என் எண்ணம். அதுவரை, வேலையில்லாத ஒரு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் சர்க்கரை, அழுத்தத்தோடு கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளலாம். இலவசம். பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டையில் வீட்டிலுள்ள எல்லார் பெயரும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், ஐ.சி.யூ. வாசலில் பார்க்கிற வேலை அல்ல அது. சந்தேகத்துக்கு 1800 425 3993.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. இ.எஸ்.ஐ., தோட்டத் தொழிலாளர் சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. 40 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை முதலாளி செலவில் உடல் பரிசோதனை என்பதும், தோட்ட முதலாளி விரும்பினால் தொழிலாளர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு. விரும்புகிற முதலாளி எத்தனை பேர் என்பது வேறு கதை. கேட்காமல் எதுவும் மலையேறாது.

ஜீப் கவிழ்ந்தால்? ஏழெட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினைந்து, இருபது பேரை ஏற்றும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கேள்வியும் இருக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், 2021இல் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் நடந்தால் அது செல்லாது. அங்கே 2025 மே மாதம் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தைக் கேட்க வேண்டும். ஏழு நாளைக்கு, ஒன்றரை லட்சம் வரை. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து தோட்டக்காரருக்குச் சம்பந்தமில்லாதது என்று இனி எளிதில் கைகழுவ முடியாது. வேலையோடு தொடர்பு இருந்தால் பயணத்தில் நேர்ந்ததும் வேலையில் நேர்ந்ததே என்று 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு கேட்பதற்கு முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, டிஸ்சார்ஜ் சீட்டு வேண்டும். கூலிக்குச் சாட்சியாக கங்காணியின் வருகை நோட்டை போனில் மாதம் ஒருமுறை படம் பிடித்து வைத்தாலே போதும், ஜீபே மெசேஜும் உதவும். வழக்குப் போட இடுக்கிக்கு அலைய வேண்டியதில்லை. தொழிலாளி குடியிருக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு.