உள்ளுறை வெப்பமும் ஜோகூரின் கம்பிர்க் கொட்டகையும்

ஜோகூர் அரசின் சின்னத்தில் மிளகும் கம்பிர் இலையும் பொறிக்கப்பட்டுள்ளன. மிளகை யாவரும் அறிவர். கம்பிரை இன்று அறிந்தவர் சிலரே. வெற்றிலைப் பெட்டியில் காசுக்கட்டி என்று நம்மவர் வைத்திருந்த பொருளோடு ஒத்தது அது. ஐரோப்பியர் அதைத் தோல் பதனிடப் பெருமளவில் வாங்கினர். இரப்பர் வருவதற்கு முன்னர் இம்மாநிலத்தின் செல்வம் இவ்விரு பயிர்களிலேயே நின்றது. தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் சீனத் தலைவர்களுக்குச் ‘சூரட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டு வழங்கி, ஆற்றங்கரைக் காடுகளைத் திறந்துவிட்டார். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள். அந்தக் காங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

வேதியியல் பாடத்துக்கும் கம்பிருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கம்பிர் இலையைப் பறித்தால் மட்டும் போதாது. இலையையும் இளந்தண்டையும் பெரிய இரும்புக் கொப்பரையில் இட்டு வேகவைக்க வேண்டும். பின்னர் இலையை அகற்றி, எஞ்சிய சாற்றைப் பாகு போலத் தடிக்கும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். அது ஆறி இறுகியபின் கட்டிகளாக நறுக்கி உலர்த்துவர். வெந்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். கொட்டகையின் அடுப்பு அணையாது எரியும். அதற்கான விறகு சுற்றியிருந்த காட்டிலிருந்தே வரும். நிலம் வளம் குன்றியதாலும் அருகிலிருந்த விறகு தீர்ந்ததாலும் தோட்டக்காரர் ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் பெயர்ந்து சென்றனர் என்பது வரலாறு.

சாற்றைக் கொதிக்கவைக்கச் செலவாகும் விறகு எவ்வளவு? சுண்டவைக்கச் செலவாகும் விறகு எவ்வளவு? மாணவர் பலர் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றெனவே எண்ணுவர். கணக்கு வேறு சொல்கிறது.

ஒரு கொப்பரையில் 30 பாகை செல்சியஸில் 100 கிலோகிராம் நீர் இருப்பதாகவும், அதில் 80 கிலோகிராம் ஆவியாகிப் போக வேண்டும் என்றும் கொள்வோம். கணக்கு எளிதாகும் பொருட்டுச் சாற்றை நீராகவே கருதுவது பிழையாகாது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற 4.18 ஜூல் வேண்டும். 30இலிருந்து 100க்கு 70 பாகை ஏற்றம். எனவே 100 × 4.18 × 70 = 29,260 கிலோ ஜூல். இதனோடு நீர் கொதிநிலையை எட்டிவிட்டது. ஆனால் ஒரு துளியும் இன்னும் குறையவில்லை. 100 பாகையில் உள்ள ஒரு கிராம் நீரை அதே 100 பாகையில் உள்ள நீராவியாக்க 2,257 ஜூல் வேண்டும். எனவே 80 × 2,257 = 1,80,560 கிலோ ஜூல். இரண்டும் சேர்ந்து 2,09,820 கிலோ ஜூல்.

காற்றில் உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ 15,000 கிலோ ஜூல் வெப்பம் தரும். வெப்பம் சிறிதும் வீணாகாவிடின் 14 கிலோகிராம் விறகு போதும். திறந்த அடுப்பில் அஃது இயலாது. பெரும்பகுதி புகையோடும் காற்றோடும் போய்விடும். நூற்றில் 15 பங்கே கொப்பரைக்குள் சென்றது என வைத்துக்கொண்டால், கொதிக்கவைக்க மட்டும் 13 கிலோகிராம் விறகு வேண்டும். சுண்டவைத்து முடிக்கும்வரை மொத்தம் 93 கிலோகிராம் வேண்டும். காட்டைத் தின்றது கொதிநிலைக்குப் பிந்திய அந்த 80 கிலோகிராம்தான். பச்சை விறகாயின் நிலைமை இன்னும் மோசம். விறகினுள் இருக்கும் நீரையும் அந்த விறகே ஆவியாக்கியாக வேண்டுமல்லவா?

இக்கணக்கில் மாணவர் தடுமாறுவதற்கு முதற் காரணம் எண் அன்று, சொல். பேச்சுவழக்கில் ‘சூடு’ என்னும் ஒரே சொல் வெப்பத்தையும் குறிக்கிறது, வெப்பநிலையையும் குறிக்கிறது. வெப்பமானி 100இல் நின்றுவிட்டால், ‘சூடு ஏறவில்லை’ என்று மாணவன் சொல்கிறான். அவன் சொன்னது வெப்பநிலையைப் பற்றி. ஆனால் வெப்பமும் உள்ளே செல்லவில்லை என்று அதே சொல்லால் அவனே ஏமாந்துபோகிறான். இவ்விரு சொற்களையும் வகுப்பில் முதல் நாளே பிரித்துக் காட்டாமல் வாய்பாட்டை எழுதிப்போடுவதால் பயன் சிறிது.

அறிஞர்களும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணியிருந்தனர். கொதிநிலையை எட்டிய நீருக்கு இன்னும் சிறிது வெப்பம் தந்தால் அது முழுதும் ஆவியாகிவிடும் என்பதே பொதுக் கருத்து. 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக் அதை ஐயுற்றார். மாறாத தீயின்மேல் நீரை வைத்து நேரத்தைக் குறித்தார். 50 பாகை பாரன்ஹீட்டில் இருந்த நீர் கொதிக்க 4 நிமிடம் ஆயிற்று; முழுதும் வற்ற 20 நிமிடம் ஆயிற்று. 4 நிமிடத்தில் 162 பாகை ஏறியது. ஆகவே 20 நிமிடத்தில் 810 பாகை ஏற்றத்துக்குரிய வெப்பம் நீருக்குள் சென்று, வெப்பமானியில் தோன்றாமல் மறைந்திருக்க வேண்டும் எனக் கணித்தார். இன்றைய கணக்கில் அது கிராமுக்கு 450 கலோரி. சரியான அளவு 540. கருவி என்று சொல்லத்தக்கது ஏதுமின்றி, ஓர் அடுப்பையும் கடிகாரத்தையும் கொண்டு இவ்வளவு நெருங்கினார் என்பது வியப்பே. நீர் முழுதும் வற்றுமுன் நிறுத்தி, எஞ்சியதை நிறுத்துப் பார்த்து, இச்சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்துகாட்டலாம்.

மறைந்து நிற்பதால் பிளாக் அதற்கு இலத்தீன் மொழியில் ஒளிந்திருத்தலைக் குறிக்கும் சொல்லால் பெயர் சூட்டினார். தமிழில் அஃது உள்ளுறை வெப்பம் ஆயிற்று. மறைவெப்பம் என்றும் எழுதுவர். இவற்றுள் முன்னதே சிறந்தது எனத் தோன்றுகிறது. தொல்காப்பியம் கற்ற ஆசிரியருக்கு உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும்: சொல்லில் வெளிப்படாமல் பொருளில் உறைவது அது, வெப்பமானியில் வெளிப்படாமல் ஆவியில் உறைவது இது. இடைநிலைப் பள்ளியில் மாணவர் ‘ஹாபா பெண்டாம்’ என்னும் மலாய்த் தொடரைச் சந்திக்கின்றனர். ‘பெண்டாம்’ என்பதும் புதைந்து மறைந்ததையே குறிக்கும். தமிழ்ச் சொல்லின் பொருளை உணர்ந்த மாணவனுக்கு மலாய்ச் சொல் புதுச் சுமையாகாது.

வேதியியல் நூல்களில் இதே அளவு மோல் கணக்கில் வரும்: ஒரு மோல் நீருக்கு 40.7 கிலோ ஜூல். ஒரு மோல் நீர் 18 கிராம். 90 கிராம் நீரை 100 பாகையில் ஆவியாக்க வேண்டுமாயின் 5 மோல், 203.5 கிலோ ஜூல். கிராம் வழியே சென்றால் 90 × 2.257 = 203.1. இச்சிறு வேறுபாடு முழுமையாக்கலால் வந்தது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் 90ஐ நேரே 40.7ஆல் பெருக்கி 3,663 என விடை எழுதுபவனை நிறுத்திக் கேட்க வேண்டும். ஆவியாதல் பகுதியில் வெப்பநிலை ஏற்றத்தைக் கொண்டுவந்து பெருக்குவதும் அடிக்கடி காணும் பிழை. அப்பகுதியில் வெப்பநிலை மாறுவதே இல்லையாதலின் பெருக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இத்தனை வெப்பமும் என்ன வேலை செய்கிறது? கொதிநீரில் எழும் குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று விடை எழுதும் மாணவர் உளர். அவை நீராவியே. ஒரு மோல் நீரிலுள்ள பிணைப்புகளை முற்றும் உடைத்து அணுக்களாக்க 900 கிலோ ஜூலுக்கும் மேல் வேண்டும், 40.7 அதற்கு எம்மட்டு? இங்கே மூலக்கூறு உடைவதில்லை. ஒரு மூலக்கூறு மற்றொன்றைப் பற்றியிருக்கும் பிடிதான் விடுபடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் அப்பிடி நீரில் மிக வலிது. ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறு நீர் மூலக்கூற்றைவிட எடை மிக்கது. ஆயினும் அதன் ஒரு மோலை ஆவியாக்க 19 கிலோ ஜூலுக்கும் குறைவே போதும். ஏறத்தாழ −60 பாகையிலேயே அது கொதித்துவிடும்.

நீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடத்தில் 50, 60 பாகையிலேயே ஈரத் தகடுகள் சில நாளில் உலர்ந்தன. அவ்வெப்பநிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 2,370 ஜூல் வேண்டும். கொதிநிலையில் வேண்டுவதைவிடச் சற்று மிகுதி. பால்மரம் சீவுவோரின் உடலில் வியர்வை உலர்வதும் இவ்வகையே. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை உலராது வழிந்தோடுவதால் உடல் தணிவதில்லை.

இனி இக்கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆவி மீண்டும் நீரானால் அந்த 2,257 ஜூலையும் திரும்பத் தந்துவிடும். 100 பாகையில் உள்ள ஒரு கிராம் கொதிநீர் தோலின்மேல் பட்டு 37 பாகைக்குத் தணிந்தால் 263 ஜூல் தரும்; அதே 100 பாகை ஆவி பட்டால் 2,520 ஜூல். ஏறத்தாழ பத்து மடங்கு. இட்டலிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும் கை அறிந்த உண்மை இது. இன்று ஜோகூரில் இரப்பர் இருந்த இடம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. செம்பனை ஆலையில் குலைகளைப் பிழிவதற்கு முன் ஏறத்தாழ 140 பாகையில் அழுத்த ஆவியால் அவிக்கின்றனர். எண்ணெயைப் புளிக்கச் செய்யும் நொதி அதனால் செயலிழக்கிறது, பழமும் குலையினின்று எளிதில் உதிர்கிறது. குலையின்மேல் படிந்து நீராகும் ஆவி ஒவ்வொரு கிலோகிராமும் சுமார் 2,140 கிலோ ஜூலை அங்கே இறக்கிவைக்கிறது. அந்த ஆவியை உண்டாக்கும் கொதிகலனில் எரிவது காட்டு மரமன்று. அதே பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நாரும் ஓடும்.