அடுத்த ஷோ எப்போது?

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. விடியற்காலையில் பெரியபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஆனால் சுற்றுப்பக்கத்தில் எந்த ஊரில் பாரதக் கூத்து நடந்தாலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்துவிடுவான். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டான்: "அண்ணா, டெல்லியில நாடக டைரக்‌ஷன் சொல்லித்தர்ற காலேஜ் இருக்காமே? அதுல படிச்ச நம்ம ஆளுங்க இப்ப என்ன நாடகம் போடுறாங்க? எங்க போனா பாக்கலாம்?"

அவன் சும்மா கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறான். அது புரிந்ததால் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை.

நான் பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேரில் இருப்பவன். நாடகம் முறையாகப் படித்ததில்லை. கூத்து, நாடகம் பற்றிக் கிடைப்பதையெல்லாம் குறித்து வைக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தக் குறிப்புகளை எடுத்து ஒரு ஷீட் போட்டேன். இயக்குநர், எங்கே பயின்றார், என்ன நாடகம், முதல் ஷோ எப்போது, அடுத்த ஷோ எப்போது. முதல் நான்கு பத்தியும் ஓரளவு நிரம்பின. கடைசிப் பத்தியில்தான் மாட்டிக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றியது.

முதலில் அந்த டெல்லி காலேஜ். தேசிய நாடகப் பள்ளி. 1959-ல் சங்கீத நாடக அகாதமி தொடங்கியது, 1975-ல் தன்னாட்சி நிறுவனமானது. 1962 முதல் 1977 வரை இப்ராஹிம் அல்காஜி அதன் இயக்குநர். லண்டனில் படித்துவிட்டு வந்தவர். ஒளி, அரங்க அமைப்பு, உடை, ஒத்திகை என ஒவ்வொன்றிலும் கறாரானவர் என்று பெயர். இன்று இந்திய நாடகத்தில் நாம் கேள்விப்படுகிற பெரிய பெயர்களில் பலர் அங்கே படித்தவர்கள்தான். கர்நாடகத்தின் பி.வி. காரந்த், மணிப்பூரின் ரத்தன் தியாம் இருவரும் அப்படி வந்தவர்கள்.

தமிழுக்கு அங்கிருந்து வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் செ. ராமானுஜம். 1935-ல் பிறந்தவர், நாங்குநேரிக்காரர். டெல்லியில் அல்காஜியிடம் படித்துவிட்டு காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தார். கேரளத்தின் ஜி. சங்கரப்பிள்ளையோடு சேர்ந்து வேலை செய்தார். 1977-ல் காந்திகிராமத்தில் அவர் நடத்திய நீண்ட பயிலரங்கை நவீனத் தமிழ் நாடகத்தின் ஒரு தொடக்கப்புள்ளியாகப் பலரும் சொல்வார்கள். அதில் கலந்துகொண்ட மு. ராமசாமி அடுத்த வருஷமே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1977-ல்தான் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை. 1978-ல் ஞாநியின் பரீக்‌ஷா. பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை வந்தது, ராமானுஜம் அங்கே போனார். புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி, அதற்கு இந்திரா பார்த்தசாரதி தலைமை. ஆக, இயக்குநர்களை உருவாக்க இடம் இல்லாமல் போகவில்லை. நல்ல நாடகங்களும் வந்தன.

அப்புறம் ஏன் அந்தப் பத்தியை நிரப்ப முடியவில்லை?

ராமானுஜத்தின் 'வெறியாட்டம்' என்ற நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். யூரிப்பிடீஸின் 'ட்ரோஜன் பெண்கள்' கதையை எடுத்து, போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்களின் குரலாக நம் ஊர் ஒப்பாரியைக் கொண்டுவந்து வைத்த நாடகம். காந்திமேரியின் நடிப்பைப் பார்த்தவர்கள் இன்னமும் பேசுகிறார்கள். நான் பார்க்கவில்லை. இனி பார்க்கவும் முடியாது. புத்தகம் என்றால் பழைய பிரதியாவது கிடைக்கும், சினிமா என்றால் எங்காவது ஒரு பிரிண்ட் இருக்கும். நாடகம் நடிகர்களின் உடம்பில் இருக்கிறது. பத்துப் பேர் ஒரு இடத்தில் கூடி, மறந்துபோனதை ஒத்திகையில் மீட்டு, ஒரு ராத்திரி மறுபடியும் ஆடினால்தான் அது உண்டு. வீடியோ எடுத்து வைத்தாலும் அது கல்யாண கேசட் மாதிரிதான், கல்யாணம் ஆகாது.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஒரு மென்பொருளை எழுதி வெளியிடுவது செலவில் சின்னப் பங்கு. அதை வருஷக்கணக்காக ஓட வைப்பதுதான் பெரிய செலவு. அதற்கு ஆள் போடாத ப்ராஜெக்ட் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் செத்துவிடும். நாடகத்திலும் இதே கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டைரக்‌ஷன் கோர்ஸில் ஒரு நாடகத்தை 'உருவாக்க' சொல்லித்தருகிறார்கள். பிரதியைப் படிப்பது, நடிகர்களை வேலை வாங்குவது, மேடையில் யார் எங்கே நிற்பது எல்லாம். ஆனால் முதல் ஷோவுக்குப் பிறகு இரண்டாவது, இருபதாவது ஷோவுக்கான தேதியை யார் தருவார்கள் என்பது எந்தப் பாடத்திலும் வருவதில்லை.

டெல்லிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1964-லேயே பள்ளியோடு சேர்த்து ஒரு ரெபர்டரி கம்பெனி தொடங்கிவிட்டார்கள். படித்து முடித்தவர்கள் சம்பளத்துக்கு அங்கே நடிக்கலாம், போட்ட நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போடலாம். ஆனால் அது டெல்லியில், பெரும்பாலும் இந்தியில். தமிழ் ஆள் படித்து முடித்து ரயில் ஏறினால் அந்த ஏற்பாடு கூட வராது.

1984 முதல் 1994 வரை சங்கீத நாடக அகாதமி இளம் இயக்குநர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தது. நம் மரபு வடிவங்களை உள்வாங்கி நவீன நாடகம் செய்தால் பண உதவி, மண்டல விழாவில் மேடை, தேர்வானால் டெல்லியில் தேசிய விழா. தமிழில் பல இயக்குநர்கள் அந்த வழியாகத்தான் வெளியே தெரிந்தார்கள். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனாலும் விழா என்பது ஒரு தேதி, ஒரே ஒரு தேதி. விழா முடிந்தால் மேடைப் பொருளெல்லாம் மூட்டை கட்டி யாரோ ஒரு நண்பர் வீட்டு மாடிக்குப் போகும். நடிகர்கள் வேலைக்கோ சினிமாவுக்கோ போவார்கள். கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் சினிமாவுக்கு வந்தார்கள்! அவர்கள் வந்ததில் நமக்கு லாபம்தான். ஆனால் அவர்களை வைத்துப் போட்ட நாடகத்துக்கு அடுத்த ஷோ கிடையாது.

தேதி கிடைத்த நாடகங்களும் உண்டு. மு. ராமசாமியின் 'கலகக்காரர் தோழர் பெரியார்' ஊர் ஊராகப் போனது. காரணம், அதைக் கூப்பிட ஊர்தோறும் ஒரு இயக்கமோ அமைப்போ இருந்தது. பிரளயனின் சென்னைக் கலைக் குழுவுக்கும் அப்படித்தான், தொழிற்சங்கமும் முற்போக்கு அமைப்புகளும் கூப்பிட்டன. நாடகம் நன்றாக இருந்ததும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் கூப்பிட ஆள் இருந்ததுதான் அதை ஓட வைத்தது.

இந்த விஷயத்தில் கர்நாடகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை. சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு சின்ன ஊர், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949-ல் தொடங்கிய அமைப்பு நீனாசம். 1980-ல் நாடகப் பள்ளி தொடங்கினார்கள். ஐந்தே வருஷத்தில், படித்து வெளியே வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக 'திருகாட்ட' என்ற ஊர் சுற்றும் நாடகக் குழுவையும் தொடங்கினார்கள். வருஷா வருஷம் சில நாடகங்களைத் தயார் செய்து, நடிகர்களும் செட்டும் லைட்டுமாக ஒரு வண்டியில் ஏறி, மாதக்கணக்கில் கர்நாடகம் முழுக்கச் சுற்றுவார்கள். உள்ளூர்க்காரர்கள் மேடையும் சாப்பாடும் ஏற்பாடு செய்வார்கள். பள்ளி, குழு, ஊர்கள் மூன்றும் ஒரே சங்கிலி. அங்கே படித்த பையன் "அடுத்த ஷோ எப்போது" என்று யோசிக்கத் தேவையில்லை, வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் போதும்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். திரௌபதி அம்மன் கோயில் உள்ள கிராமத்தில் பாரதக் கூத்துக்கு டைரக்டர் என்று யாரும் கிடையாது, வாத்தியார் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் போய் தாம்பூலம் வைத்து முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். பகடை, அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், படுகளம், கடைசியில் தீமிதி. தேதி ஊருடையது. குழு மாறினாலும், வாத்தியார் செத்தாலும், அந்த ராத்திரி கர்ண மோட்சம் நடந்தே தீரும். "நாங்க ஆடலன்னா வேற செட்டு ஆடும், சாமி நிக்காது" என்று ஒரு கூத்துக்காரர் என்னிடம் சொன்னார். தம்பி வளர்ந்தது இந்த உலகத்தில். அதனால்தான் "இப்ப என்ன நாடகம் போடுறாங்க" என்று அவ்வளவு சாதாரணமாகக் கேட்டான்.

இங்கேதான் ராமானுஜம் மறுபடி வருகிறார்.

நாங்குநேரிக்குப் பக்கத்திலேயே திருக்குறுங்குடி. அங்கே நம்பி கோயிலில் கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி ராத்திரி கைசிக நாடகம் நடக்கும். வராக புராணத்திலிருந்து வந்த கதை. பாணர் குலத்து நம்பாடுவான் ஏகாதசி ராத்திரி பெருமாளைப் பாடப் போகிறான். வழியில் ஒரு பிரம்மராட்சசன் மறித்து, சாப்பிடப் போகிறேன் என்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் சாப்பிடு என்று பதினெட்டு சத்தியம் செய்கிறான் நம்பாடுவான். பாடி முடித்துத் திரும்பும்போது நம்பியே கிழவனாக வந்து, வேறு வழியில் தப்பித்துப் போயேன் என்கிறார். அவன் கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்காகத் திரும்பிப் போகிறான். கடைசியில் ராட்சசன், உன்னைச் சாப்பிட வேண்டாம், நீ பாடிய பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்சுகிறான். முற்பிறவியில் யாகத்தில் தவறு செய்து ராட்சசனான அந்தணன் அவன். கைசிகப் பண்ணின் பலனை வாங்கி விடுதலை அடைகிறான். கோயிலுக்குள் விடப்படாத சாதிக்காரனின் பாட்டு ஒரு அந்தணனை மீட்கிற கதை, அதுவும் கோயிலுக்குள்ளேயே ஆடப்படுகிறது!

தேவதாசி மரபுப் பெண்கள் ஆடிவந்த நாடகம் இது. 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அந்த மரபு கலைந்தது, நாடகமும் தேய்ந்து வெறும் சடங்காக ஒட்டிக்கொண்டிருந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்த ஊரில் குடும்ப வேர் உள்ள நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் ராமானுஜமும் சேர்ந்து மீட்டெடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். பழைய பிரதி, பாட்டுகள், ஞாபகம் வைத்திருந்தவர்கள் என்று தேடி, 1999-ல் நாடகம் மீண்டும் முழுசாக மேடை ஏறியது. அதன்பின் வருஷா வருஷம் அந்த ஏகாதசியில் நடக்கிறது.

அல்காஜியிடம் படித்த ஒரு இயக்குநர் அங்கே என்ன செய்ய முடியும்? தன் முத்திரையைப் பதிக்க முடியாது, பார்க்க வருகிறவர்கள் அன்று விரதம் இருப்பவர்கள். நாடகத்தை நவீனமாக்கினால் அது கோயிலை விட்டு வெளியே வந்துவிடும். அப்படியே விட்டால் செத்துவிடும். நடுவில் இருந்த வேலை ஒத்திகை, தாளம், யார் எந்த வசனத்தை எப்போது எடுப்பது, பாட்டு எங்கே நின்று ஆட்டம் எங்கே தொடங்குவது. டெல்லிப் படிப்பு முழுக்க அங்கே பயன்பட்டிருக்கும், ஆனால் அந்த ராத்திரி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு டைரக்டர் இருந்ததே தெரியாது. ராமானுஜம் 2016-ல் காலமானார். நாடகம் நிற்கவில்லை.

ஆக என் ஷீட்டில், ராமானுஜம் பெயருக்கு நேரே 'அடுத்த ஷோ' பத்தியில் என்னால் எழுத முடிந்தது இந்த ஒன்றுதான்: கார்த்திகை, வளர்பிறை ஏகாதசி. தேதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அவருடைய சொந்தப் படைப்பு என்று சொல்லத்தக்க 'வெறியாட்டம்' பக்கத்தில் அந்தக் கட்டம் காலி. இது எனக்கு உறுத்துகிறது. எல்லா நாடகத்துக்கும் கோயில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இன்றைக்குப் பேச வேண்டிய சில விஷயங்களைக் கோயிலுக்குள் பேச முடியாது. அதற்கு ஹெக்கோடு வண்டி மாதிரி ஒன்று தமிழில் வேண்டும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப படிக்கப் போகலாமா வேணாமாண்ணா?" என்றான். போடா, ஆனால் நாடகம் போடக் கற்றுக்கொள்ளும்போதே யார் உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றும் யோசித்துக்கொண்டு படி, இந்தப் பக்கத்து ஊர்களையும் அந்த வாத்தியார்களையும் விட்டுவிடாதே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த குறுங்குடிக்கு எப்படிப் போறது?" என்றான்.

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வள்ளியூர். அங்கிருந்து பஸ். கார்த்திகைக்கு இரண்டு டிக்கெட் போடலாம் என்று இருக்கிறேன். அந்த வாரம் அவனுக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.