வெளிநாடு வாழ்வோரும் ஆயுள் காப்பீடும்: ஷரீஅத் நோக்கில்

நோயுற்றிருந்த ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை மூன்றிலொரு பங்கோடு நிறுத்தினார்கள். வாரிசுகளைக் கையேந்தும் நிலையில் விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்ததென அறிவுறுத்தினார்கள். செம்பாக்கம், தாம்பரம் பகுதிகளில் குடும்பத்தை விட்டு வளைகுடாவிலும் மலேசியாவிலும் பொருளீட்டுவோர், "ஹஜ்ரத், அங்கே ஆயுள் காப்பீடு எடுக்கலாமா?" என நம்மிடம் வினவும்போது, இவ்வறிவுரையிலிருந்தே நாம் தொடங்குகிறோம்.

குடும்பத்தைக் காக்கும் நோக்கத்தை மார்க்கம் மறுக்கவில்லை. ஒப்பந்தத்தின் அமைப்பையே ஆராய்கிறது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, நிலையான தவணைக்கு ஈடாகத் தொகை தரும் வணிகக் காப்பீட்டில் 'கரர்' எனும் மிகுந்த நிச்சயமின்மை இருப்பதால் அதனை ஹராம் எனத் தீர்மானித்தது. நன்கொடையையும் ஒத்துழைப்பையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக ஏற்றது. இதுவே 'தகாஃபுல்'. உறுப்பினர் ஒரு பொது நிதிக்கு நன்கொடை அளிப்பர்; இழப்புற்றவருக்கு அந்நிதியிலிருந்து வழங்கப்படும்; நிறுவனம் கட்டணம் பெறும் நிர்வாகி மட்டுமே; முதலீடு வட்டி கலவாதது. மலேசியா 1984இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. வளைகுடாவிலும் இத்தகு நிறுவனங்கள் உள்ளன. தாயகத்தில் கிட்டாத இவ்வாய்ப்பு அயல்நாடு வாழ்வோருக்கு உண்டு.

நம் அரசின் 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' குடியேற்ற அனுமதி தேவைப்படும் தொழிலாளருக்குக் கட்டாயமானது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 275 ரூபாயும் வரியும் செலுத்தினால் ஈராண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பு உண்டு. ஆனால் அத்தொகை விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்குமே உரியது. மாரடைப்பால் இறப்பவரின் குடும்பத்திற்கு அது கிட்டாது. இதையறியாமல் அதனை ஆயுள் காப்பீடெனக் கருதியிருப்போர் பலர்.

ஆகவே கையொப்பமிடுமுன் வினவ வேண்டியவை: இயற்கை மரணத்திற்கும் காப்பு உண்டா? வேலை முடிந்து தாயகம் திரும்பினால் அது தொடருமா? நன்கொடை நிதி நிறுவனத்தின் பணத்தினின்று பிரிக்கப்பட்டுள்ளதா? பெயர் குறிக்கப்பட்டவர் தொகையைத் தமதாகப் பெறுவாரா, வாரிசுகளுக்குப் பங்கிடும் பொறுப்பாளராகப் பெறுவாரா? மலேசியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டுகிறது. இதில் தெளிவின்றிப் பெயரெழுதிவிட்டால், தாய்க்கும் மனைவிக்கும் இடையே பிணக்கையே விட்டுச் செல்வோம்.

பத்திரத்தின் படியொன்று ஊரிலுள்ள வீட்டில் இருக்கட்டும். குடும்பத்தார் அதன் விவரம் அறிந்திருக்கட்டும். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் ஒப்படைப்பதே. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.