மாற்றமும் சீராய்வும்: ‘கிட்’ கட்டளைவரிக் கருவியின் மாற்ற ஆய்வு முறையும் தமிழ்ப் பனுவல் ஒப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் மூலநிரலில் நிகழும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்னும் கட்டளைவரிக் கருவியில் செய்யப்படும் மாற்றங்கள் எவ்வாறு சீராய்வு செய்யப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறையின் கூறுகள் தமிழ்ப் பதிப்பியல் மரபோடு ஒப்பிடத்தக்கவை. ஆயினும் இக்கருவி ஒப்பிடும் அலகு தமிழ் எழுத்தன்று. எண்ணுருவில் அமைந்த பைட்டுத் தொடராகும். இதனால் தமிழ்ப் பனுவலில் பொய்யான வேறுபாடுகள் தோன்றி, மெய்யான வேறுபாடுகளை மறைக்க இடமுண்டு. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் தமிழில் அமையும் பணி அறிவுறுத்தல்களை முன்வைத்து இச்சிக்கலும் அதற்கான நெறிகளும் ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: பதிப்புக் கட்டுப்பாடு, கிட், மாற்றச் சீராய்வு, பாடவேறுபாடு, ஒருங்குறி, பணி அறிவுறுத்தல்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தொழிற்பகுதி, இந்திய வாகன உற்பத்தியின் முதன்மைக் களங்களுள் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010ஆம் ஆண்டிலும் உற்பத்தியைத் தொடங்கின. இத்தகைய வாகனத் தொழிலில் மாற்றம் என்பது தனியொருவர் விருப்பப்படி நிகழக்கூடியதன்று. ஐஎஸ்ஓ 9001 தர நெறியின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, உற்பத்தியில் செய்யப்படும் மாற்றத்தைச் சீராய்ந்ததன் முடிவு, அதற்கு ஒப்புதல் அளித்தவர், அதன்பொருட்டு எடுக்கப்பட்ட நடவடிக்கை ஆகியவற்றைப் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. வாகனத் தொழிலுக்கே உரிய ஐஏடிஎஃப் 16949 நெறி, உட்பொதி மென்பொருள் கொண்ட பொருள்களுக்கு மென்பொருளின் திருத்தநிலையும் வன்பொருளின் திருத்தநிலையும் மாற்றப் பதிவில் இடம்பெற வேண்டும் என்று வரையறுக்கிறது.

மாற்றத்தைப் பதிதல், சீராய்தல், ஒப்புதல் அளித்தல் ஆகிய மூன்றும் மென்பொருள் துறையில் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளின்வழி நிகழ்கின்றன. அவற்றுள் மிகப் பரவலான வழக்கிலுள்ளது கிட். பனுவலின் திருத்தங்களை ஒப்பிடுவதே இக்கருவியின் அடிப்படைப் பணியாதலின், பாடவேறுபாடுகளை ஆராயும் தமிழாய்வாளரும் இதனை அறிதல் பயனுடையது.

கிட் கருவியில் சீராய்வு

லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிப் பணிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிட் கருவியை உருவாக்கத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ அதன் பராமரிப்பாளராக இருந்து வருகிறார். கிட் கருவியின் மூலநிரலும் கிட் கருவியாலேயே பேணப்படுகிறது. எனவே இக்கருவியில் செய்யப்படும் மாற்றத்தின் சீராய்வு, இக்கருவி எதற்காக ஆக்கப்பட்டதோ அப்பணிக்குரிய நல்ல சான்றாகவும் அமைகிறது.

மாற்றம் ஒன்றை முன்மொழிபவர் அதனை ‘பேட்ச்’ எனப்படும் திருத்தத் துண்டாக அனுப்புகிறார். நீக்கப்பட்ட வரி கழித்தற்குறியோடும், சேர்க்கப்பட்ட வரி கூட்டற்குறியோடும் அதில் காட்டப்படும். ஒரு திருத்தத்தில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும். தருக்க நிலையில் வேறான இரண்டு மாற்றங்கள் இரண்டு திருத்தங்களாகப் பிரிக்கப்பட வேண்டும் என்பது விதி. நன்னூல் கூறும் நூற்குற்றங்களுள் ‘மற்றொன்று விரித்தல்’ என்பதை இவ்விதியோடு பொருத்திக் காணலாம். பிழை நீக்கத்தோடு வரியமைப்பு அழகுபடுத்தலும் கலந்துவிட்டால், சீராய்வாளரின் கண் அழகுபடுத்தலில் அலைந்து பிழையைத் தவறவிடும்.

சீராய்வு கடந்த திருத்தம் நேரே முதன்மைக் கிளையை அடைவதில்லை. ‘சீன்’ என்னும் கிளையில் இருப்பது பராமரிப்பாளரின் பார்வைக்கு வந்தது என்ற அளவே. ஏற்கப்படும் என்ற உறுதி அதற்கில்லை. முன்மொழியப்பட்டவை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கப் பெயரால் முன்னர் வழங்கிய இக்கிளை, 2020ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. அடுத்த நிலையான ‘நெக்ஸ்ட்’ கிளையில் திருத்தம் சிலகாலம் பயன்பாட்டில் சோதிக்கப்படும். அதன்பின்னரே ‘மாஸ்டர்’ கிளையில் இணையும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறிய செய்தியைச் சிறப்புப்பாயிரம் தருகிறது. ஆக்கியோன் ஒருவனாகவும் அதனை ஆராய்ந்து கேட்போன் மற்றொருவனாகவும் இருத்தல் என்னும் கோட்பாடு இரண்டிடத்தும் பொதுவானது. அரங்கேற்றத்தில் முழுநூல் ஒருமுறை ஆராயப்படுகிறது. இங்கோ ஒவ்வொரு வரி மாற்றமும் அவையேறுகிறது.

மாற்றக் குறிப்பின் மொழி

திருத்தத்தோடு இணைந்துவரும் குறிப்புரை ‘கமிட்’ செய்தி எனப்படும். கிட் திட்டத்தின் வழிகாட்டுரை இதன் இலக்கண அமைப்பையும் வரையறுக்கிறது. இன்றுள்ள நிலையும் அதன் குறையும் நிகழ்காலத்தில் சொல்லப்பட வேண்டும். செய்யப்படும் மாற்றம் ஏவல் வடிவில், நிரலுக்கே கட்டளையிடுவதுபோல் அமைய வேண்டும். ‘இவ்வாறு மாற்றினேன்’ என்று எழுதுவதினும் ‘இவ்வாறு மாற்றுக’ என்று எழுதுவதே முறை. இதனால் குறிப்பு ஆசிரியரின் செயல்வரலாறாக இல்லாமல், திருத்தத்தின் பயனுரையாக அமைகிறது.

நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு வகுக்கும் எட்டுக் கூறுகளுள் ஆக்கியோன் பெயர், வழி, நுதலிய பொருள், பயன் ஆகியவற்றைக் கமிட் பதிவிலும் காணலாம். ஆசிரியர் பெயர் பதிவில் உண்டு. அவ்வாசிரியரின் திருத்தத்தைக் களஞ்சியத்தில் சேர்த்தவர் பெயர் தனியே உண்டு. எந்த முந்தைய பதிவிலிருந்து இது கிளைத்தது என்னும் சுட்டு, ‘வழி’ என்னும் கூற்றோடு ஒப்பிடத்தக்கது. இறுதியில் வரும் ஒப்பவரிகளும் வேறுபட்ட பொருளுடையன. ‘சைன்டு-ஆஃப்-பை’ என்பது இத்திருத்தத்தை அளிக்கும் உரிமை தமக்குண்டு என்னும் சான்று. ‘ரிவியூடு-பை’ என்பது ஆராய்ந்து நிறைவு கொண்டமைக்குச் சான்று. உரிமையும் தரமும் வேறுவேறு என்பதை இப்பிரிவு தெளிவாக்குகிறது.

சீராய்வில் குறை சுட்டப்பட்டால் ஆசிரியர் திருத்தத்தை மீண்டும் எழுதி இரண்டாம், மூன்றாம் வடிவங்களாக அனுப்புவார். முன்வடிவுக்கும் பின்வடிவுக்கும் இடையிலான மாற்றத்தைக் காட்ட ‘ரேஞ்ச்-டிஃப்’ என்னும் கட்டளை 2018ஆம் ஆண்டில் வெளியான 2.19ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இது வேறுபாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டுவது. முன்னர்ச் சுட்டிய குறை நீங்கியதா, புதிய குறை புகுந்ததா என்பதைச் சீராய்வாளர் முழுவதையும் மீளப் படிக்காமல் இதன்வழி அறியலாம்.

கருவியின் அலகும் தமிழ் எழுத்தும்

இதுவரை கூறிய முறைமை நிரல்மொழிகளுக்குத் தடையின்றிப் பொருந்துகிறது. தமிழ்ப் பனுவலில் சிக்கல் தோன்றுவதற்குக் காரணம், கருவி ஒப்பிடும் அலகாகும். ‘அகம்’ என்னும் சொல்லில் இலக்கண நோக்கில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் மெய்யின் புள்ளி தனிக்குறியாதலின் குறியீடுகள் நான்கு. வழக்கமான யுடிஎஃப்-8 சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாக மொத்தம் 12 பைட்டுகள். கிட் கையாள்வது இந்தப் பன்னிரண்டையே.

இதன் வெளிப்படையான விளைவைக் கோப்புப் பெயர்களில் காணலாம். இயல்பான அமைப்பில் கிட், தமிழ்ப் பெயருடைய கோப்பைப் பட்டியலிடும்போது ‘அ’ என்னும் எழுத்தை \340\256\205 என எட்டடிமான எண்களாகக் காட்டும். ‘அகம்’ என்னும் பெயர் 48 குறிகளாக நீளும். ‘கோர்.கோட்பாத்’ என்னும் அமைப்பை நிறுத்தினால் எழுத்துகள் மீளும். இது காட்சிக்குறையே, கண்டவுடன் தெரிவது, எனவே தீங்கு குறைவு.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலே ஆழமானது. ‘போ’ என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். பகர அகரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒருவகை. இது 6 பைட்டு. ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. இது 9 பைட்டு. இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரம் கூறுகிறது. திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றே. கிட் இவற்றை வேறாகவே கொள்ளும். நீக்கிய வரியும் சேர்த்த வரியும் ஒன்றுபோலவே தோன்ற, ‘மாற்றம் உண்டு’ என்று மட்டும் கருவி சொல்லும்.

மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்ததால் இதுபோன்ற சிக்கல் எழுந்தது. அதனை எதிர்கொள்ள 2012ஆம் ஆண்டில் கிட் கருவியில் ‘கோர்.பிரிகம்போஸ்-யூனிகோட்’ என்னும் அமைப்பு சேர்க்கப்பட்டது. ஆனால் அது அவ்வியங்குதளத்தில் கோப்புப் பெயரை மட்டும் சீர்செய்வது. கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாது.

ஏட்டுச்சுவடியில் இதற்கு நேர்மாறான நிலை இருந்தது. புள்ளியின்மையாலும் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படாமையாலும் ஒரு வடிவம் இரண்டு எழுத்துகளுக்கு இடமளித்தது. காலும் ரகரமும் மயங்கின. அங்கு வடிவம் ஒன்று, எழுத்து இரண்டு. கணினியிலோ வடிவமும் எழுத்தும் ஒன்று, குறியீட்டுத் தொடர் இரண்டு. சுவடி நோக்கும் பதிப்பாசிரியர் மறைந்த வேறுபாட்டைக் கண்டெடுத்தார். கணினிவழி ஒப்பிடுபவர் இல்லாத வேறுபாட்டை விலக்க வேண்டியவராகிறார்.

மூவகை வேறுபாடு

தமிழ்ப் பனுவலைக் கிட் ஒப்பிடும்போது எழும் வேறுபாடுகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, பொய் வேறுபாடு. மேற்கூறிய ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளின் இருவகைச் சேமிப்பு இதன்பாற்படும். ஒருங்குறியின் இயல்பாக்க முறையால் இதனை முற்றிலும் நீக்கலாம்.

இரண்டாவது, மயக்க வேறுபாடு. ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என எகரக் குறியும் ளகரமுமாகத் தட்டச்சிடப்படுவது பெருவழக்கு. ‘எ’ என்னும் உயிரெழுத்தும் ஏழைக் குறிக்கும் ‘௭’ என்னும் தமிழெண்ணும் மயங்குவதும் உண்டு. இவை ஒன்றுபோல் தோன்றினும் உண்மையில் வேறானவை; எழுத்துப்பிழைகள். இயல்பாக்கம் இவற்றைத் திருத்தாது, திருத்தவும் கூடாது. ஆய்வாளரே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, மெய் வேறுபாடு. சொல்லோ, எண்ணோ, இடைவெளியோ பொருள் மாறும்படி திரிவது. இடைவெளி குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. இடைவெளி மாற்றங்கள் அனைத்தையும் ஒதுக்கும் விருப்பம் கிட் கருவியில் உண்டு. பல நிரல்மொழிகளில் அது பெரும்பாலும் தீங்கற்றது. தமிழில் ‘பலகை’ என்பதும் ‘பல கை’ என்பதும் அவ்விருப்பத்தின்கீழ் ஒன்றாகிவிடும். தொடர்மொழியும் ஒருமொழியும் மயங்குமிடத்தை இலக்கண நூலார் விதந்து கூறியதன் தேவை இங்கும் புலனாகிறது.

பணி அறிவுறுத்தலில் இதன் விளைவு

உற்பத்தித் தளத்தில் தொழிலாளர் பின்பற்றும் பணி அறிவுறுத்தல் தமிழில் அமைவதாகக் கொள்வோம். ‘போல்ட்டை 45 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குக’ என்பது அதில் ஒரு வரி. நாற்பது வரிகள் கொண்ட அக்கோப்பை ஒருவர் வேறொரு தட்டச்சு மென்பொருளில் திறந்து ஒரே ஒரு சொல்லைத் திருத்திச் சேமிக்கிறார். அம்மென்பொருள் ஓகாரக் குறிகள் அனைத்தையும் பிரித்த வடிவிற்கு மாற்றிவிட்டால், ‘போல்ட்’ என்னும் சொல் வரும் வரிகள் எல்லாம் மாறியனவாகக் காட்டப்படும். அவற்றிடையே ஒரு வரியில் 45 என்பது தவறுதலாக 54 ஆகியிருந்தால், ஒன்றுபோல் தோன்றும் வரிகளைப் பார்த்துச் சலித்த கண் அதனைக் கடந்துவிடக்கூடும். சீராய்வாளர் ஒப்பமும் இருக்கும். பதிவும் முறையாக இருக்கும். பிழை மட்டும் தளத்திற்குச் சென்றிருக்கும். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய போல்ட் நெகிழவோ முறியவோ கூடும் என்பதால் இதனை வெறும் எழுத்துச் சிக்கலாகக் கருத இயலாது.

மேற்கொள்ளத்தக்க நெறிகள்

புதிதாக எழுதப்படும் பனுவலுக்கும் பழைய மூலத்தின் மின்வடிவிற்கும் நெறி வேறாதல் வேண்டும். பணி அறிவுறுத்தல் போன்ற புதிய பனுவலில், களஞ்சியத்தில் சேரும்போதே எழுத்துகளை ஒரே சேமிப்பு வடிவிற்குக் கொணரும் வடிகட்டியைக் கிட் கருவியின் பண்புக் கோப்பில் இணைக்கலாம். சுவடியின் அல்லது முதற்பதிப்பின் மின்வடிவில் மூலக்கோப்பை மாற்றாமல், ஒப்பிடும்போது மட்டும் இயல்பாக்கிக் காட்டும் ‘டெக்ஸ்ட்கான்வ்’ என்னும் வசதியைப் பயன்படுத்தலாம். மூலம் உள்ளவாறே நிற்க, காட்சி மட்டும் சீராகும்.

வரிப் பிரிப்பும் கருதத்தக்கது. கிட் இயல்பாக வரியளவிலேயே ஒப்பிடுவதால், பத்தி முழுதும் ஒரே வரியாக இருப்பின் ஓரெழுத்து மாறினும் பத்தி முழுதும் மாறியதாகக் காட்டும். ஒரு தொடருக்கு ஒரு வரி என எழுதினால் மாற்றம் உரிய இடத்தில் புலப்படும். சொல்லளவு ஒப்பீடு தமிழுக்கு ஓரளவு உதவும். அதற்கும் கீழே குறியீட்டளவில் ஒப்பிடின் உயிர்மெய்யிலிருந்து உயிர்க்குறி தனியே பிரிந்து பொருளற்ற துணுக்காகக் கிடக்கும். உயிர்மெய்யைப் பிளவாத அலகாகக் கொள்ளுமாறு ஒப்பீட்டு விதியை அமைத்தல் தமிழறிந்தோர் செய்யவேண்டிய பணி.

இயல்பாக்கம் தனித் திருத்தமாகப் பதியப்படுதலும் இன்றியமையாதது. ‘எழுத்து வடிவைச் சீராக்குக, பொருள் மாற்றம் இல்லை’ என்று ஒரு பதிவும், ‘முறுக்குவிசையை மாற்றுக’ என்று மற்றொரு பதிவும் இருந்தால், சீராய்வாளர் எதில் எதைத் தேட வேண்டும் என்பதை அறிவார். ஒரு திருத்தத்தில் ஒரு பொருள் என்னும் கிட் திட்டத்தின் விதி தமிழ்ப் பனுவலில் கூடுதல் இன்றியமையாமை பெறுகிறது.

முடிவுரை

சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், வேறுபட்ட பாடங்களைத் தம் பதிப்புகளில் பதிவுசெய்தார். எது வேறுபாடு, அதில் எது கொள்ளத்தக்கது என்னும் இரண்டு வினாக்களுக்கும் பதிப்பாசிரியரே விடை கண்ட காலம் அது. இன்று முதல் வினாவைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாவதை மட்டும் சீராய்வாளர் எடுத்துக்கொள்கிறார். நிரலுக்கு இப்பிரிவு பெரிதும் போதுமானது. தமிழ்ப் பனுவலுக்குப் போதாது என்பதே இவ்வாய்வின் முடிபு. கருவி காட்டுவது பைட்டுகளின் வேறுபாடு. அது பொய்யா, மயக்கமா, மெய்யா என்று பகுத்தறிதல் எழுத்திலக்கணம் சார்ந்த செயல். கிட் திட்டத்தின் சீராய்வு முறை ஒழுங்கான வடிவத்தைத் தருகிறது; ஒப்பீட்டின் அலகு எது என்பதைத் தமிழ் இலக்கணமே தர இயலும். அவ்வலகை முதலில் உறுதிசெய்த பின்னரே சீராய்வாளரின் ஒப்பம் பொருளுடையதாகும்.