ஹை டெபனிஷன் கேம்கார்டர்: வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடுத்து, குடும்ப நிகழ்ச்சிகளை நாமே படம் எடுத்து அதில் சேமித்து வைக்கலாமே என்ற எண்ணம் பலருக்கும் வரும். பேத்தியின் காதணி விழா, தங்கையின் திருமணம், ஊர்த் திருவிழா என்று எடுக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இவற்றில் எதையும் திரும்ப நடத்திப் படம் பிடிக்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் படம் மங்கலாகப் பதிவானால் அது மங்கல்தான்.

இன்று பெரும்பாலானோர் மொபைல் போனிலேயே வீடியோ எடுத்துக்கொள்கிறார்கள். இதனால் கேம்கார்டர் மாடல்கள் மிகவும் குறைந்துவிட்டன. ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களில் ஒருவர் கைக்குக் கேம்கார்டர் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான்: வெளியூர்க் கடையில் புதிதாக வாங்குவது, ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவது, வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வரவழைப்பது. எந்த வழியானாலும் பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்கள் சொல்லாததை இந்தச் சோதனை சொல்லிவிடும்.

ஹை டெபனிஷன் என்றால் என்ன?

வீடியோ படம் என்பது சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இவற்றை பிக்ஸல் என்கிறோம். நம் நாட்டில் பார்த்த டிவிடி படத்தில் 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு ஹை டெபனிஷன் படத்தில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஐந்து மடங்கு. 4கே என்பது 3840 x 2160. இது முழு ஹை டெபனிஷனைப் போல நான்கு மடங்கு.

வீட்டு உபயோகத்துக்கான ஹை டெபனிஷன் கேமராக்கள் 2003-ல் வரத் தொடங்கின. அந்த ஆண்டு ஜேவிசி, சோனி, கேனன், ஷார்ப் நிறுவனங்கள் சேர்ந்து எச்டிவி என்ற முறையை அறிவித்தன. இது சிறிய டேப்பில் பதிவு செய்யும் முறை. 2006-ல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி என்ற முறையைக் கொண்டு வந்தன. இதில் மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றில் படம் பைலாகப் பதிவாகும்.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்றால், பழைய எச்டிவி டேப் கேமராக்கள் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். இன்றைய லேப்டாப்களில் இந்த இணைப்பு இருப்பதில்லை. டேப்பும் தேடித்தான் வாங்க வேண்டும். ஆகவே புதியவர்கள் கார்டில் பதிவாகும் கேமராவையே வாங்குங்கள்.

பெட்டியில் உள்ள எண்கள்

மெகாபிக்ஸல்: சோனியின் எச்டிஆர்-சிஎக்ஸ்405 என்ற மாடலைப் பாருங்கள். இது 2015-ல் வெளிவந்தது. இதில் புகைப்படத்துக்கு 9.2 மெகாபிக்ஸல் என்று குறிப்பிட்டிருப்பார்கள். ஆனால் வீடியோவுக்குப் பயன்படும் உண்மையான புள்ளிகள் சுமார் 2.29 மெகாபிக்ஸல்தான். மீதி, கேமராவே கணக்கிட்டு நிரப்பியது. முழு ஹை டெபனிஷனுக்கு 2.29 போதும் என்பதால் வீடியோவில் குறை இல்லை. 9.2 என்ற எண்ணை நம்பி வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூம்: இதே கேமராவில் ஆப்டிகல் ஜூம் 30 மடங்கு. லென்ஸ் நகர்ந்து உருவத்தைப் பெரிதாக்குவது இது. டிஜிட்டல் ஜூம் 350 மடங்கு. பதிவான படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவதுதான் டிஜிட்டல் ஜூம். படம் கட்டம் கட்டமாக உடையும். ஆப்டிகல் ஜூம் எண்ணை மட்டும் பாருங்கள்.

சென்சார் அளவு: விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், நமக்கோ இதுதான் முக்கியம். லென்ஸ் வழியே வரும் ஒளியை வாங்கும் சில்லு இது. சிஎக்ஸ்405-ல் 1/5.8 அங்குல வகை. சோனியின் எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53-ல் 1/2.5 அங்குல வகை. கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது. பெரிய சென்சார் மங்கிய வெளிச்சத்தில் நன்றாக வேலை செய்யும்.

கடைக்கு என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

உங்கள் சொந்த மெமரி கார்டு ஒன்று (கிளாஸ் 10 வகை, கேமரா எந்த அளவுக் கார்டை ஏற்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்), ஒரு இயர்போன், ஒரு பட்டுச் சேலை. சேலை எதற்கு என்பதைக் கீழே படியுங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உங்கள் கார்டில் பதிவு செய்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். குறைகள் கம்ப்யூட்டர் திரையில்தான் வெளிப்படும்.

ஐந்து சோதனைகள்

1. மங்கிய வெளிச்சம்: கடையில் விளக்குகள் பளிச்சென்று எரியும். நம் மண்டபங்களும் வீட்டுக் கூடமும் அப்படி இருப்பதில்லை. கடையின் இருண்ட மூலையில் ஒருவரை நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் எடுங்கள். பிறகு முழு ஜூமில் இன்னொரு நிமிடம். ஜூம் செய்யும்போது பெரும்பாலான லென்ஸ்களில் ஒளி குறையும். முகத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் ஓடினால் அந்தக் கேமரா இரவு நிகழ்ச்சிக்கு உதவாது.

2. பட்டுச் சேலை: ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பட்டு நெசவு உண்டு. நல்ல சேலை வீட்டில் இருக்கும். அதன் நெருக்கமான ஜரிகைக் கட்டங்களை எடுத்துப் பாருங்கள். கட்டங்கள் மீது இல்லாத அலைக்கோடுகளும் வானவில் நிறங்களும் தெரிந்தால், நுண்ணிய விவரங்களைக் கேமரா சரியாகக் கையாளவில்லை. அரக்கு நிறம் திட்டுத் திட்டாக வழிகிறதா என்றும் பாருங்கள். திருமண வீட்டில் நீங்கள் எடுக்கப் போவது பட்டுச் சேலைகளைத்தானே!

3. கை நடுக்கம்: கடை வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியில் உள்ள பெயர்ப் பலகையை முழு ஜூமில் பத்து வினாடி எடுங்கள். பின் நடந்துகொண்டே எடுங்கள். நடுக்கத்தைக் குறைக்க இரண்டு முறைகள் உண்டு. ஆப்டிகல் முறையில் லென்ஸ் பகுதி நகர்ந்து ஈடுகட்டும். எலக்ட்ரானிக் முறையில் படத்தின் ஓரங்கள் வெட்டப்படும். முதல் முறை உள்ளதை வாங்குங்கள்.

4. ஒலி: இயர்போனைக் கேமராவில் செருகிக் கேளுங்கள், அதற்குத் துளை இல்லையென்றால் வீட்டில் கம்ப்யூட்டரில் கேளுங்கள். முதலில் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள், பிறகு பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். கைதட்டல் கரகரவென்று உடைந்தால் நாதஸ்வரம், தவில் ஒலியும் உடையும். தனி மைக் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இது கிடையாது.

5. விளக்குத் துடிப்பு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கான மாடல்கள் வினாடிக்கு 60 என்ற கணக்கில் பதிவு செய்பவை. நம் டியூப் லைட்டின் கீழ் அவற்றில் எடுத்தால் படத்தில் வெளிச்சம் ஏறி இறங்கும், பட்டை பட்டையாகக் கோடு ஓடும். 50 என்ற அமைப்பு மெனுவில் இருக்கிறதா அல்லது ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கேமரா ஒரு நாள் இரவலாகக் கிடைத்தால் அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குக் கொண்டு செல்லுங்கள். முதலாம் இராஜேந்திர சோழன் எழுப்பிய அந்தக் கோயிலின் விமானம் சுமார் 180 அடி உயரம். புல்வெளியிலிருந்து விமானத்தைக் கீழிருந்து உச்சி வரை மெதுவாக எடுங்கள். வெயில் வானத்துக்கு எதிரே சிற்பங்கள் கறுத்துப் போகின்றனவா, அல்லது சிற்பம் தெரிந்து வானம் வெள்ளையாகிறதா என்பது தெரிந்துவிடும். இது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். ஸ்டாண்டு வைத்து எடுக்க அனுமதி பெற வேண்டும். கையில் பிடித்தே எடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

ஏவிசிஎச்டி முறையில் வினாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் 3 எம்பி ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. நான்கு மணி நேரத் திருமணத்துக்குச் சுமார் 43 ஜிபி. 4கே படத்தை 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி. நான்கு மணிக்கு 180 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கில் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரதி எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க்கும் தேவை.

கடையில் எடுத்த பைலை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். விட்டு விட்டு ஓடினால் கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் போதவில்லை. கேமராவில் குறைந்த அளவைத் தேர்வு செய்யலாம். இன்னொன்று: நீண்ட பதிவைக் கேமரா பல துண்டுகளாகப் பிரித்து வைக்கலாம். ஒரு பைலை மட்டும் காப்பி செய்யாமல் கார்டில் உள்ள போல்டர்கள் அனைத்தையும் அப்படியே காப்பி செய்யுங்கள். காப்பி சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகே கார்டை அழிக்கவும்.

பழையது வாங்கும்போது

லென்ஸ் மூடியை மூடியபடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கருப்புப் படத்தில் ஒரே இடத்தில் வெள்ளை அல்லது சிவப்புப் புள்ளி நின்றால் சென்சாரில் பழுது. பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். அந்த மாடலுக்குப் புது பேட்டரி கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். ஜப்பானில் விற்கும் மாடல்கள் சிலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். வெளிநாட்டில் வாங்கினால் இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதைப் பில் போடும் முன் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, இதே ஐந்து சோதனைகளையும் உங்கள் மொபைல் போனில் செய்து இரண்டையும் கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து ஓட்டுங்கள். மண்டபத்தின் பின் வரிசையிலிருந்து ஜூம் செய்வது, மணிக்கணக்கில் தொடர்ந்து எடுப்பது, மைக் செருகுவது ஆகியவற்றில் கேம்கார்டர் முன்னே நிற்கும். இவை உங்களுக்குத் தேவையில்லை, படமும் போனைவிடத் தெளிவாக இல்லை என்றால் அந்தப் பணத்தில் ஒரு ஸ்டாண்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்குங்கள். கேம்கார்டரையே வாங்கினால், விழாவுக்கு ஒரு வாரம் முன்பாவது வாங்கி வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.