முகம் தெரியாத படங்கள்

திருவனந்தபுரத்தின் பனிக்கால விடியலில் புகைப்படக்காரர்கள் தேடிப்போவது வெறும் வானத்தை. அது குறைந்துகொண்டே வருகிறது.

ஜனவரி மாதம், காலை ஆறு மணி. திருவனந்தபுரத்தின் தெற்கே, புஞ்சக்கரி வயல்வெளியில் இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. வரப்போரம் கேமராவோடு காத்திருக்கிறார்கள் சிலர். தென்கிழக்கு வானம் மெல்ல வெளுக்கிறது. தோளில் மண்வெட்டியோடு ஒருவர் வரப்பில் நடந்து வருகிறார். முகம் தெரியவில்லை, சட்டையின் நிறமும் தெரியவில்லை. ஆனாலும் அவர் யார் என்று சொல்ல அந்த நடையும் மண்வெட்டியும் போதும். 'சில்லவுட்' எனப்படும் நிழலுருவப் படத்தின் ரகசியம் இதுதான்.

இங்கே குளிர்காலம் என்று சொல்வது சற்று மிகைதான். ஜனவரியில்கூடக் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிந்துவிடுகிறது. மேகமோ காற்றோ இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர, ஈர வயல்மேல் மெல்லிய மூடுபனி படிகிறது. பின்னால் உள்ள தென்னைகளை அது வெளிறடிக்க, முன்னால் நிற்பது மட்டும் கறுப்பாகத் தனித்துத் தெரிகிறது.

அவகாசம் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. டிசம்பரில் முதல் வெளிச்சத்துக்கும் சூரிய உதயத்துக்கும் இடையே லண்டனில் சுமார் 40 நிமிடம் கிடைக்கும். இங்கே 23 நிமிடம்தான். உதயமான அரைமணியில் வெயில் ஏறிவிடும்.

உத்தி எளிது. வெளிச்சத்தை ஆளின் மீதல்ல, வானத்தின் மீது அளக்க வேண்டும். செல்போனிலும் அப்படித்தான்: வானத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். ஆள் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நல்லது. கையும் கருவியும் உடலோடு ஒட்டாமல் விலகித் தெரிய வேண்டும். கேமராவைத் தரையோடு தாழ்த்தினால் ஆள் அடிவானத்துக்கு மேலே எழும்பி நிற்பார்.

இந்த ஊருக்கு ஒளியோடு பழைய உறவு உண்டு. 1959-ல் இங்கே ஸ்டுடியோ தொடங்கிய புகைப்படக் கலைஞர் சிவனின் மகன்தான் சந்தோஷ் சிவன். 1991-ல் வெளியான 'தளபதி'யில் அவர் பின்னணியில் நிறுத்திய சூரியனைத் தமிழ் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புஞ்சக்கரியை ஒட்டிய வெள்ளாயணி காயல், பெயர் காயலானாலும், நன்னீர் ஏரி. அருகிலுள்ள சிறு பாலத்தை மக்கள் 'கிரீடம் பாலம்' என்றே அழைக்கிறார்கள். 1989-ல் வந்த மோகன்லாலின் 'கிரீடம்' படமாக்கப்பட்ட இடம் அது.

ஆனால் நிழலுருவத்துக்கு ஒரு நிபந்தனை: ஆளுக்குப் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு மதில், ஒரு மாடி வீடு, நாலு மின்கம்பி குறுக்கிட்டால் உருவம் அதில் கலந்து காணாமல் போய்விடும். தென்னையும் வீடுகளும் நெருங்கி நிற்கும் கேரளத்தில் அப்படிப்பட்ட வெறும் வானம் கிடைப்பது பெரும்பாலும் வயலில்தான். அந்த வயல்களோ சுருங்கிவிட்டன. 1970-களின் நடுவில் மாநிலத்தில் நெல் விளைந்த பரப்பு சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர். அண்மை ஆண்டுகளில் அது 2 லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. மண் கொட்டி வயலை மேடாக்குவதைத் தடுக்க 2008-ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நெல்வயல், ஈரநிலப் பட்டியலில் இல்லாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி வேறு பயனுக்கு மாற்றிக்கொள்ள 2018-ன் திருத்தம் வழிவிட்டது.

ஏழேகால் மணிக்குள் கேமராக்கள் பைக்குள் போய்விடுகின்றன. வரப்பில் வந்தவர் வேலையைத் தொடங்கிவிட்டார். இப்போது முகம் தெளிவாகத் தெரிகிறது, படமெடுக்கத்தான் யாருமில்லை. அடுத்த ஆண்டு எதிரே ஒரு வீடு முளைத்தால் புகைப்படக்காரர் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். வயலை நம்பியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை.