கண்பார்வையற்றோரும் பணப் பட்டுவாடாவும்

அறுப்புக் காலத்தில் களத்துமேட்டிலும் வாரச் சந்தையிலும் ஓயாது பணம் கைமாறுகிறது. கயிறு திரிப்போர், கூடை முடைவோர், கடலை உடைப்போர் முதலியோரில் கண்பார்வையற்றவர்களும் உளர். தாம் பாடுபட்டு ஈட்டிய கூலியைப் பிறர் கண்கொண்டே எண்ண வேண்டியிருப்பது அவர்களுக்குப் பெருங்குறையாகும். இக்குறையைப் பெரும்பாலும் நீக்குவது, பணம் கொடுப்போர் கையில் இருக்கிறது.

தற்காலம் வழங்கும் புதிய வரிசை நோட்டுகளில், 100 ரூபாய் நோட்டில் முக்கோணமும், 200 ரூபாய் நோட்டில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவமும், 500 ரூபாய் நோட்டில் வட்டமும் மேடாக அச்சிடப்பட்டுள்ளன. இரு ஓரங்களிலும் சாய்கோடுகள் உண்டு. அவை 100க்கு நான்கு, 200க்கு நான்கும் இடையே இரு சிறு வட்டங்களும், 500க்கு ஐந்து. புது நோட்டில் இவற்றை விரலால் தடவி அறியலாம். பலர் கைபட்டுப் பழகிய நோட்டிலோ மேடு தேய்ந்துவிடுகிறது.

10, 20, 50 ரூபாய் நோட்டுகளுக்கு இவ்வடையாளம் இல்லை, நீளமே துணை. அவை முறையே 123, 129, 135 மில்லிமீட்டர் நீளமுள்ளவை. 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் 142, 146, 150 மில்லிமீட்டர். வேற்றுமை இத்துணைச் சிறிதாகையால், ஒரு நோட்டைத் தனியே வாங்கியவுடன் இன்னதென்று துணிவது கடினம்.

2019ம் வருஷம் வெளியான நாணயங்களில் 20 ரூபாய்க் காசு பன்னிரு பக்கங்கள் உடையது; எளிதில் அறியலாம். 2020ல் ரிசர்வ் பாங்கு வெளியிட்ட ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலி, நோட்டைப் படம் பிடித்து அதன் மதிப்பை உரக்கச் சொல்லும். ஆனால் நோட்டு மெய்யா போலியா என்பதை அது சொல்லாது.

ஆகையால் கூலி கொடுப்போர் பின்வருவனவற்றை அனுசரித்தல் நலம்:

1. கசங்காத நோட்டுகளையே கொடுக்கவும்.

2. ஒவ்வொரு நோட்டையும் பெயர் சொல்லித் தனித்தனியே கையில் வைக்கவும். வெவ்வேறு நோட்டுகளைக் கலந்து கற்றையாகத் தர வேண்டாம்.

3. அவர் நோட்டுகளைத் தம் வழக்கப்படி மடித்து வைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருக்கவும்.

4. கணக்கை உடன் வந்தவரிடம் கூறாது அவரிடமே கூறவும்.

5. கைந்நாட்டு வாங்குமுன் ரசீதை முழுதும் வாசித்துக் காட்டவும்.

பார்வையின்மையைக் காரணமாகக் காட்டிச் செக்குப் புஸ்தகம் முதலிய வசதிகளைப் பாங்குகள் மறுத்தலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2008லேயே அறிவித்துள்ளது. கிராம அதிகாரிகள் இதைத் தங்கள் ஊரிலுள்ள பார்வையற்றோர்க்கு எடுத்துரைத்து, கணக்குத் தொடங்க உதவி புரிவார்களாக.